50-க்குக் கீழே

புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு சென்னையில் ஒரு எச்ஐவி ஆய்வுக் குழுவில் சேர்ந்தேன். டேட்டா வரும், மாடல் போட வேண்டும், அட்டவணை தர வேண்டும். வைரஸைப் பற்றித் தெரிந்தவர்கள் பக்கத்து அறையில் இருக்கிறார்கள், எனக்கு எதற்கு அது என்றுதான் இருந்தேன்.

சில மாதங்களிலேயே மாட்டிக்கொண்டேன். ஏஆர்டி என்னும் எச்ஐவி மருந்து எடுப்பவர்களின் வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) பட்டியலில் பாதிக்கு மேல் '50-க்குக் கீழ்' என்றே இருந்தது. அத்தனை கட்டத்திலும் 25 என்று நிரப்பி, லாக் எடுத்து, ஒப்பிட்ட இரு பிரிவு நோயாளிகளுக்கும் இடையே வேறுபாடு இருப்பதாக வரைபடம் காட்டினேன். குழுவின் வைரலாஜி மேடம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த 25 எந்த ட்யூபில இருந்துச்சு?" என்று கேட்டார்.

எந்த ட்யூபிலும் இல்லை. 50 என்பது கருவியின் எல்லை. ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் வைரஸின் 2 பிரதி இருந்தாலும் 45 இருந்தாலும் அது சொல்லும் பதில் ஒன்றுதான். எல்லாருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து, இல்லாத துல்லியத்தை நானே உண்டாக்கியிருந்தேன். அந்த மதிப்புகளை 'எல்லைக்குக் கீழே எங்கோ' என்று மட்டும் வைத்துத் திரும்பக் கணக்கிட்டேன். வேறுபாடு கரைந்துபோனது.

"அடுத்த வாரத்துல இருந்து லேபுக்கு வாங்க" என்றார் மேடம்.

சரி, முதலில் படிப்பு. நோயெதிர்ப்பியல் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள இன்னும் மூன்று சொல் தெரிந்திருக்க வேண்டும். வைரலாஜியில் மட்டும் ஒரு வாசல் கிடைத்தது. 1990-களின் நடுவில் எய்ட்ஸ் ஆய்வாளர் டேவிட் ஹோவும் ஆலன் பெரெல்சனும் சேர்ந்து செய்த வேலை அது. பெரெல்சன் உயிர் இயற்பியல் பின்னணியிலிருந்து வந்தவர். மருந்து கொடுத்ததும் வைரஸ் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அளந்து, அந்தச் சரிவிலிருந்தே ஒரு நோயாளியின் உடலில் தினமும் ஏறக்குறைய 1,000 கோடி வைரஸ் துகள்கள் உருவாகின்றன என்று கணக்கிட்டார்கள். வெளியே அறிகுறியே இல்லாத வருடங்களிலும் உள்ளே ஓயாத போர் நடக்கிறது. ஒரு சாய்கோட்டுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று அந்தக் கட்டுரையை நான்கு முறை படித்தேன்.

லேபில், தொற்றில்லாத கொடையாளர் ரத்தத்தில் பழகினேன். ரத்த செல்களை அடுக்காகப் பிரிக்க உதவும் ஃபைக்கால் திரவத்தின் மேல், ட்யூபின் சுவரோடு ஒட்டி, ரத்தத்தை மெதுவாக விட வேண்டும். முதல் தடவை சென்ட்ரிஃப்யூஜ் நின்றதும் பார்த்தால் எல்லாம் கலங்கிக் கிடந்தது. "பிரேக்கை அணைக்கணும் சார், சட்டுனு நின்னா அடுக்கு கலைஞ்சிரும்" என்றார் டெக்னீஷியன் அக்கா. மறுமுறை, மஞ்சள் பிளாஸ்மாவுக்கு அடியில் மெல்லிய வெள்ளை வளையமாகச் செல்கள் நின்றன. டேட்டாவில் வெறும் எண்ணாக நான் பார்த்துவந்த, எச்ஐவி தாக்கும் நோயெதிர்ப்பு செல்களான சிடி4 செல்கள் அதற்குள்தான் இருந்தன.

அப்புறம்தான் ரத்தம் எடுத்த நேரத்தையும் பிரித்த நேரத்தையும் பதிவேட்டில் தேட ஆரம்பித்தேன். மாலையில் தாமதமாக வந்த மாதிரிகளில் செல்கள் மந்தமாக இருந்தன. அதையெல்லாம் 'இரைச்சல்' என்று ஒதுக்கியிருந்தேன். 1986-இல் இதே ஊரில் நுண்ணுயிரியலாளர் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா சேகரித்த மாதிரிகள் வேலூர் வரை பயணம் செய்துதான் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்று தெரியவந்தது. அந்தப் பயணத்தின் அருமை எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டாம் வருடம், மருந்துக்கு எட்டாமல் பதுங்கியிருக்கும் வைரஸை எண்ணும் சோதனைக்கு வந்தோம். உறங்கும் சிடி4 செல்களில் பத்து லட்சத்துக்கு ஒன்று போலத்தான் வைரஸை மறுபடி உருவாக்கும். செல்களைப் படிப்படியாக நீர்க்கவைத்துக் குழிகளில் இட்டு, எத்தனை குழியில் வைரஸ் வளர்கிறது என்று பார்த்து, அரிதான நிகழ்வுகளை எண்ண உதவும் பாய்சான் பரவலை வைத்துக் கணக்கிட வேண்டும். எந்த நீர்ப்பில் எத்தனை குழி என்று மேடமும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து மூன்று முறை மாற்றிப் போட்டோம். கடைசியில், துல்லியம் குறையாமல், ஒவ்வொரு நோயாளியிடமும் எடுக்கும் ரத்தத்தில் ஒரு ட்யூப் குறைந்தது.