14 துண்டு சடோஷியும் ஓர் எவர்சில்வர் மூடியும்

2023-இல் வெளிநாட்டுக்காரர் ஒருவருடைய வீடியோக்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக் கொடுத்தேன். வீடியோவுக்கு 4,000 சடோஷி அனுப்புவார். 10 கோடி சடோஷி சேர்ந்தால்தான் ஒரு பிட்காயின். 14 வீடியோவுக்கு 56,000 வந்தது, அன்றைய விலைக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. உட்கார்ந்து உழைத்து வாங்கிய காசு, அதனால் எந்தக் கம்பெனியிடமும் விட்டுவைக்காமல் போனில் சொந்த வாலட் போட்டு, அதைத் திறக்கும் சாவியான 12 ஆங்கிலச் சொற்களை ஜெல் பேனாவால் தாளில் எழுதி பீரோ அடித்தட்டில் வைத்தேன்.

டிசம்பரில் மிக்ஜாம் புயல். தண்டையார்பேட்டையில் எங்களுடையது தரைத்தள வீடு, முழங்கால் அளவுக்குத் தண்ணீர். தாள் ஊறி, எட்டாவது சொல் வெறும் நீலக் கறையாகிவிட்டது. தம்பி அதைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தும் சொல்லிவிட்டான், ஆனால் அவன் எடுக்கிற படமெல்லாம் தானாகவே ஆன்லைன் பேக்கப்புக்குப் போய்விடும். உடனே அழித்தோம். இருந்தாலும் அந்த 12 சொல் யாருக்குக் கிடைத்தாலும் எங்கிருந்தும் பணத்தை எடுத்துவிடலாமே, எனக்கு மனசு ஆறவில்லை. சரி, புது வாலட்டுக்கு மாற்றிவிடலாம் என்று பார்த்தால், அனுப்பும் கட்டணத்துக்கே பேலன்ஸ் போதாது என்று வருகிறது.

காசிமேட்டில் மீன் ஏற்றுகிற வண்டிக்காரர் பெட்டிக்குள் வஞ்சிரமா கவலையா என்று பார்த்து வாடகை கேட்க மாட்டார், எத்தனை பெட்டி என்றுதான் கேட்பார். பிட்காயின் கட்டணமும் அப்படித்தான், எவ்வளவு பணம் என்பது கணக்கே இல்லை, பரிவர்த்தனை எத்தனை பைட் இடம் பிடிக்கிறது என்பதுதான் கணக்கு. எனக்கு வந்த 14 தொகையும் வாலட்டில் ஒன்றாகக் கலந்துவிடவில்லை, 14 தனித்தனித் துண்டாகவே இருந்தன. ஒவ்வொன்றையும் எடுக்கத் தனிக் கையெழுத்து, துண்டுக்குச் சுமார் 68 பைட், மொத்தம் கிட்டத்தட்ட ஆயிரம். பைட்டுக்கு 60 சடோஷி என்றாலே ஒரு துண்டை நகர்த்த 4,080 ஆகும், துண்டின் மதிப்போ 4,000. அந்த டிசம்பரில், எல்லாப் பரிவர்த்தனையும் பதிவாகிற பிட்காயின் சங்கிலியில் படமும் டோக்கனும் பதிக்க எல்லோரும் இடத்துக்கு முட்டி மோதியதில் பைட்டுக்கு 100-ஐயும் தாண்டியது.

காத்திருந்தேன், ஒன்பது மாதம். காலையில் எழுந்ததும் கட்டணம் பார்ப்பது பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது.

அதற்குள் புது வாலட்டின் சொற்களைத் தண்ணீர் தொடாத இடத்தில் எழுத வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் தெரிந்த பாத்திரக்கடை அண்ணனிடம் பேர் வெட்டுகிற மெஷினைக் கேட்டேன். அவரே வெட்டித் தருவதாகச் சொன்னார். சொற்களை அவரிடம் சொல்ல முடியாதே, அண்ணே, நானே வெட்டிக்கிறேன் என்று ஓரமாக உட்கார்ந்து, ஒரு சின்ன எவர்சில்வர் மூடியின் உள்பக்கத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நாலு எழுத்தை மட்டும் வெட்டினேன். இந்தச் சொற்கள் 2,048 சொல் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருபவை, நாலு எழுத்திலேயே எது என்று தெரிந்துவிடும். அப்புறம் அந்தப் புது வாலட்டைப் போனிலிருந்து அழித்துவிட்டு மூடியைப் பார்த்தே மறுபடி திறந்தேன். பணம் போடுவதற்கு முன்னால் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள்.

2024 செப்டம்பரில் ஒரு ஞாயிறு விடியற்காலை பைட்டுக்கு 3 காட்டியது. 14-ஐயும் ஒரே துண்டாக்கி அனுப்பினேன், சுமார் 3,000 சடோஷி செலவு, ஏறக்குறைய 150 ரூபாய். 53,000 பத்திரமாக வந்து சேர்ந்தது.

இப்போது சப்டைட்டில் காசை லைட்னிங் வாலட் ஒன்றில்தான் வாங்குகிறேன். லைட்னிங் என்பது சின்னச் சின்னத் தொகையை, ஒவ்வொன்றையும் சங்கிலியில் பதிக்காமல் அனுப்புகிற வழி. சாவி அந்தக் கம்பெனியிடம், அவர்கள் கடையை மூடினால் பணம் போச்சு. ஆனால் நாலாயிரம் நாலாயிரமாக வருகிற காசுக்கு, சொந்தச் சாவிக்காக ஒவ்வொரு துண்டையும் கட்டணத்துக்குத் தின்னக் கொடுப்பதைவிட அந்த ஆபத்து எனக்குப் பரவாயில்லை. லட்சம் சடோஷிக்கு மேல் மட்டும் அங்கே விட்டுவைப்பதில்லை. அந்த அளவு சேர்ந்ததும் கட்டணம் இறங்கிய நாளாகப் பார்த்து, ஒரே துண்டாக மூடிக்குரிய வாலட்டுக்கு மாற்றிவிடுகிறேன்.