அப்பாவும் மகளும்

நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் கிடார் வாசித்துப் பாடிய டேவிட் கில்மோரின் 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' ஆல்பத்தை மறுபடி முழுசாகக் கேட்டேன். 2024-ல் வந்தபோது அவருக்கு வயது 78. பிங்க் ஃப்ளாய்ட் காலத்துக் குரலில் இப்போது லேசான கரகரப்பு. எனக்கு இதுதான் இன்னும் நெருக்கம். மூப்பையும் மரணத்தையும் தொடும் வரிகளில் பெரும்பாலானவை மனைவி பாலி சாம்சன் எழுதியவை.

தலைப்புப் பாடலில் பிங்க் ஃப்ளாய்ட் கூட்டாளி ரிச்சர்ட் ரைட்டின் கீபோர்டு வருகிறது. 2007-ல் கில்மோர் வீட்டுக் கொட்டகையில் சும்மா சேர்ந்து வாசித்தபோது பதிவானது. மறு வருஷமே ரைட் போய்விட்டார். கேட்கும்போது நெஞ்சை என்னவோ செய்கிறது.

அப்புறம் ஒரு பாட்டில் மகள் ரோமனி ஹார்ப் மீட்டிப் பாடுகிறார். அவர் பாடி முடித்த பிறகுதான் அப்பாவின் நீண்ட கிடார் சோலோ மெல்ல எழுந்து வருகிறது. அந்த இடத்தை மட்டும் நாலு முறை திருப்பிப் போட்டுக் கேட்டேன்.