மேல டிராம் ஓடுது, கீழ பாலம் எழும்புது – போர்ட்லேண்ட் ஸ்டீல் பிரிட்ஜ்

அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்து போர்ட்லேண்ட்ல நாலு நாள் சுத்தினதுல மனசுல நின்னது ஒரு கருப்பு இரும்புப் பாலம்தான், சொன்னா சிரிப்பீங்க.

வில்லமெட் ஆத்தோட மேற்குக் கரையில செர்ரி மரங்க வரிசையா நிக்கிற பார்க் வழியா நடந்து வந்து, ஸ்டீல் பிரிட்ஜ் கீழ்தளத்து நடைபாதையில ஏறப்போனா கேட்ட மூடிட்டாங்க. சைக்கிள்காரங்க காலை ஊனி நின்னுட்டாங்க, நானும் நின்னேன், என்னடா இதுன்னு பாத்தா தண்டவாளம் நடைபாதை எல்லாத்தோடயும் கீழ்தளம் அலுங்காம மேல கிளம்புது! அதுக்கு மேல இருக்கற தளத்துல மேக்ஸ்ங்கற ஊர் டிராமும் காரும் பஸ்ஸும் அது பாட்டுக்குப் போயிட்டிருக்கு.

விஷயம் என்னன்னா, கீழ்தளத்தத் தாங்கற செங்குத்துக் கம்பிங்க மேல்தளத்து இரும்புச் சட்டத்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்குது, பழைய ரேடியோ ஆண்டெனாவ உள்ள தள்ளுவோம்ல, அந்த மாதிரி. கோபுரத்துல எதிர் எடைங்க தொங்குது, தளம் ஏற ஏற அது இறங்கும், அதனால மோட்டாருக்குப் பெரிய பாரம் கிடையாது.

சாதாரணமா தண்ணிக்கு மேல 26 அடிதான் இடைவெளி. கீழ்தளத்த மட்டும் தூக்கினா 72 அடி, ரெண்டையும் சேத்துத் தூக்கினா 163 அடி. முக்கால்வாசி படகுக்கு 72 போதும்ங்கறப்ப மேல போறவங்கள எதுக்கு நிறுத்தணும்? இதக் கட்டின 1912லயே இப்படி யோசிச்சிருக்காங்க பாருங்க. நம்ம பழைய பாம்பன் தூக்குப் பாலம் 1914, அது ரெண்டு கையத் தூக்கற மாதிரி திறந்துச்சு, ஆளுங்க கையால சுத்த வேண்டியிருந்துச்சு. நேரா மேல எழும்பற பாலம் அங்க வந்ததே 2025லதான்.

பேரு ஏன் ஸ்டீல்னா, 1888ல இங்க இருந்த முந்தின பாலம் எஃகுல கட்டினது, அப்ப அது புதுசு, அந்தப் பேரே இதுக்கும் ஒட்டிக்கிச்சு. டிராம் 1986ல வந்தது, நான் நின்ன நடைபாதை 2001ல.

படகு போச்சு, தளம் இறங்குச்சு, கேட் திறந்ததும் நடக்க ஆரம்பிச்சேன். பாதி தூரம் போறதுக்குள்ள பக்கத்துத் தண்டவாளத்துல ஒரு கூட்ஸ் வண்டி ஆமை மாதிரி ஊர்ந்து வந்துச்சு, கைப்பிடிக் கம்பிய புடிச்சா உள்ளங்கை அதிருது, தலைக்கு மேல டிராம் சத்தம் வேற. அறுவது பெட்டி வரைக்கும் எண்ணினேன், அப்புறம் விட்டுட்டேன்.