திம்பத்தில் பத்மினி

மார்கழி பிறந்தால்தான் எங்கள் பழைய கார் கூட்டத்துக்கு மலையேறும் தைரியம் வரும். சித்திரையில் திம்பம் ஏறினால் பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்துவிடும். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குரங்குகளோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

போன ஞாயிறு கோவையிலிருந்து ஒன்பது வண்டிகள் கிளம்பினோம். இரண்டு அம்பாசடர், ஒரு கான்டெசா, மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று, நான்கு மாருதி 800, அப்புறம் எங்கள் 86ஆம் வருடத்து பிரீமியர் பத்மினி. மாருதியைப் பழைய காரில் சேர்ப்பதா என்று வருடா வருடம் சண்டை நடக்கும். 1983இல் வந்த வண்டி, இன்னும் எத்தனை நரைக்க வேண்டும்? சேர்க்கலாம் என்பது என் கட்சி.

ஓட்டியது நான். பக்கத்தில் அப்பா. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாயால் மட்டும்தான் ஓட்டுகிறார். விடியலில், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கை முழுசாக இழுத்து, மூன்றாவது தடவைதான் எஞ்சின் பிடித்தது. "நான் தொட்டா ஒரே தடவ" என்றார்.

அன்னூர் தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. வாழைத் தோப்பும் சோளக்காடும் இருக்கிற இடமே தெரியவில்லை. முன்னால் போன அம்பாசடரின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே புளியம்பட்டி வந்து டீ குடித்தோம். சத்தியமங்கலம் தாண்டி, பண்ணாரி அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு, செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மலை.

மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். பத்மினிக்கு கியர் ஸ்டியரிங் பக்கத்தில். ஒரு கையால் கியரைத் தள்ளி, இன்னொரு கையால் அந்த முரட்டு ஸ்டியரிங்கை ஒடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். லாரி இறங்கினால் வளைவு முழுக்க அதுக்குத்தான். கீழேயே நின்று வழி விட வேண்டும். அப்படி ஏற்றத்தில் நின்றபோதுதான் ஹேண்ட்பிரேக் வெறும் அலங்காரம் என்று தெரிந்தது. வண்டி மெல்லப் பின்னால் நகர, பின்னாடி வந்த மாருதித் தம்பி குதித்து ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் கொடுத்தான். கிளட்ச் வாசம் மூக்கைத் துளைக்க ஒருவழியாக நகர்த்தினேன். "ரெண்டுல போயிருக்கக் கூடாது கண்ணு, ஒண்ணுல போகோணும்." ரெண்டாவது கியரில் போகச் சொன்னதே அப்பாதான்.

ஆனால் எஞ்சின் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவே இல்லை. மார்கழிக் குளிர் வாழ்க.

ஆசனூரில் இட்லி. அதைத் தாண்டி காரப்பள்ளம் பக்கம் போகும்போது முன்வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு யானையும் குட்டியும் ரோட்டோரம். தாளவாடிப் பக்கமிருந்து கரும்பு லாரிகள் வரும் வழி இது. டிரைவர்கள் ஒன்றிரண்டு கரும்புக் கட்டை எறிந்து எறிந்து, யானைகள் ரோட்டிலேயே நின்று வசூல் பண்ணப் பழகிவிட்டன. 2013இல் புலிகள் காப்பகமாக அறிவித்த காடு இது. ராஜாங்கம் என்னவோ யானைகளுடையதுதான்.

யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் பத்மினி மட்டும் தடதடவென்று உதறிக்கொண்டிருந்தது. தாய் காதை விரித்து எங்கள் பக்கம் திரும்பியது.

"அமத்து" என்றார் அப்பா.

"சூட்டுல திரும்ப எடுக்காதுங்கப்பா."

"எடுக்கும். அமத்து."

அணைத்தேன். மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டது. குட்டி தாயின் கால்களுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. வெயில் காலமாக இருந்தால் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி, வண்டி அரை மணிக்கு எழுந்திருக்காது. பத்து நிமிஷம் இருக்கும், இரண்டும் உண்ணிப் புதருக்குள் நுழைந்தன. முன்வண்டிகள் கிளம்பின. என் கை தானாகச் சோக்குக்குப் போனது.

"அதத் தொடாத. சாவிய மட்டும் திருப்பு."

ஒரே தடவையில் பிடித்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

திரும்பும்போது அம்மாவுக்கு சத்தியில் மல்லி வாங்கினோம். பனியில் பூ வரத்தே இல்லையாம். விலை கேட்டு அப்பாவுக்குத்தான் ரேடியேட்டர் கொதித்தது.