கே4 எங்கே தம்பி?

எங்கள் ஆபீஸில் காற்று விசைக் கணக்குக்கு ஒரு எக்செல் ஷீட் உண்டு. எப்போதோ வேலையை விட்டுப் போனவர் செய்தது. பாதி செல் லாக், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. கடலூர் சிப்காட்டில் 10 மீட்டர் உயர ஷெட் ஒன்றுக்கு அதிலேயே போட்டு அனுப்பினேன். சரிபார்க்கிற புதுச்சேரி சார் ஒரே வரியில் திருப்பிவிட்டார்: "கே4 எங்கே தம்பி?"

ஷீட் 1987 கோடு புத்தகத்தை வைத்துப் போட்டது. அந்தக் காற்று விசை விதிநூலான ஐஎஸ் 875 பாகம் 3-ஐ 2015-ல் திருத்தியபோது, காற்று வேகத்தோடு பெருக்க வேண்டிய கே4 என்ற கெழுவைப் புயல் கரைக்கென்று சேர்த்தார்கள். கிழக்குக் கரையோரம் 60 கிலோமீட்டருக்குள் தொழிற்சாலைக் கட்டடம் என்றால் 1.15. நமக்குக் காற்றின் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர். மற்ற கெழுக்கள் எல்லாம் 1 என்றால் அழுத்தம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் வரும். கே4 போட்டால் 1.98. வேகம் வர்க்கமாகிறதால் 15 சதவீதம் 32 ஆகிவிடுகிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது எங்கள் தெருவில் தகரம் பறந்ததைப் பார்த்தவன் நான். எனக்கே இது தப்பியது வெட்கம்தான்.

லாக் போட்ட ஷீட்டில் கே4-ஐ எங்கே நுழைப்பது? குறிப்பும் பைத்தான் நிரலும் செல் செல்லாக ஒரே பக்கத்தில் எழுதி ஓட்டுகிற ஜூப்பிட்டர் நோட்புக்குக்கு மாறினேன். கூடவே ஹேண்ட்கால்க்ஸ் என்ற பைத்தான் லைப்ரரி. சூத்திரம், எண் போட்ட வரி, விடை என்று கையால் எழுதியது போலவே காட்டும். நிறுவுவதில் சிக்கல் இல்லை. பிடிஎஃப் எடுக்கப் போனால்தான் லேட்டெக்ஸ் என்ற அச்சுக்கோக்கும் மென்பொருளைக் கேட்டது. அதையும் போட்டேன், நான் தமிழில் எழுதிய குறிப்பெல்லாம் காணோம், வெறும் வெள்ளை. ஒரு ராத்திரி போச்சு. ஹெச்டிஎம்எல்-ஆக எடுத்து பிரவுசரிலிருந்து பிரிண்ட் கொடுங்கள், தமிழ் ஒழுங்காக வரும்.

அந்தப் பிரிண்டோடு பஸ் பிடித்துப் போனேன். அரியாங்குப்பத்தில் அரை மணி நேரம் நெரிசல். சார் கால்குலேட்டரைக்கூட எடுக்கவில்லை. பக்கத்தில் விரலை வைத்தார். மேலே கே4 = 1.15, இரண்டு வரி கீழே வேகம் 50 என்றே நிற்கிறது, அழுத்தம் அதே 1.5. கே4 செல்லை மட்டும் மாற்றி ஓட்டியிருக்கிறேன், கீழே உள்ளதை ஓட்டவே இல்லை. செல்களை ஓட்டிய வரிசையைச் சொல்லும், ஓரத்தில் இருந்த பிராக்கெட் எண்களே காட்டிக்கொடுத்துவிட்டன: 23-க்கு அடுத்து 7. "இது உங்க எக்செல்லைவிட மோசம் தம்பி" என்றார். போன வழியே திரும்பினேன்.

பிரிண்ட் எடுக்கும் முன் கெர்னலை, அதாவது பின்னால் நிரலை ஓட்டும் பகுதியை, ரீஸ்டார்ட் செய்து எல்லா செல்லையும் மேலிருந்து ஓட்டிவிடுங்கள். எண்கள் 1, 2, 3 என்று வரிசையாக வர வேண்டும். இல்லையென்றால் அந்தத் தாளை வெளியே நீட்டாதீர்கள்.

இரண்டாம் முறை ஓகே ஆனது.

கணக்கை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்று, கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) வழியாகப் பொதுவில் ஏற்றினேன். அதிலும் ஒரு சொதப்பல்: முதல் கமிட்டிலேயே, அதாவது முதல் பதிவிலேயே, கிளையன்ட் பெயர் இருந்தது. அழித்தாலும் பழைய வரலாற்றில் கிடக்கும். புதிதாகவே தொடங்க வேண்டியதாயிற்று. லைசென்ஸ் கோப்பும் வைக்கவில்லை. புதுச்சேரி நண்பர் ஒருவர், "இது இல்லாம நான் எப்படிங்க எடுத்துக்கறது?" என்று கேட்ட பிறகுதான், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற எம்ஐடி லைசென்ஸ் போட்டேன்.

அவரேதான் பெரிய ஓட்டையையும் கண்டுபிடித்தார். உயரம் 12 மீட்டர் கொடுத்தால் என் நோட்புக், உயரத்துக்கேற்ப மாறும் கே2 கெழுவை 15 மீட்டருக்கான 1.05 என்றே எடுத்தது. 10 மீட்டருக்கான 1.00-க்கும் அதற்கும் இடையில் விகிதம் பார்த்தால் 1.02 தான். திருத்தி அனுப்பியிருந்தார், நான் சேர்த்துக்கொண்டேன். பூட்டிய எக்செல்லில் இத்தனை வருஷமாக இப்படி என்னென்ன கிடக்கிறதோ!

போன வாரம் புதுச்சேரி சாரே ஃபைலைக் கேட்டு வாங்கினார். திறந்ததும் முதலில் பார்த்தது பிராக்கெட் எண்களைத்தான்.