ஓய்வெடுத்தால் கூடுகிற வலி

24 வயதுப் பெண் மூட்டு வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் முதலில் கிடைப்பது சிரிப்பு. அடுத்துக் கிடைப்பது கைவைத்தியம். டாக்டர் மூன்றாவதாகத்தான் வருவார். “இந்த வயதிலேயே இப்படியென்றால் எங்கள் வயதுக்கு என்ன செய்வாய்?” என்று கேட்காத பெரியவர் எங்கள் உறவில் ஒருவரும் இல்லை. எனக்கு வந்திருப்பது இன்ன நோய் என்று பெயர் தெரிவதற்குள் சில ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த ஆண்டுகளில் நான் பார்த்த எல்லோரும் எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள். எப்போது வலிக்கிறது, என்ன செய்தால் குறைகிறது என்று கேட்க ஆள் இல்லை.

மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில் எனக்கு வேலை. சொந்த ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம் என்பதால் கடை விடுதியில் தங்கியிருந்தேன். வலி குதிகாலில் தொடங்கியது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது உயிர் போகும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போவேன். ஆனால் கடைக்கு வந்து பதினோரு மணி ஆகிவிட்டால் வலி பாதியாகக் குறைந்துவிடும். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் அலமாரிக்கும் கவுன்ட்டருக்கும் ஓடிக்கொண்டிருக்கும்போது கால் என்று ஒன்று இருப்பதே தெரியாது. விடுமுறை நாளில் மத்தியானம்வரை படுத்திருந்தால் அன்று முழுக்க நடக்க முடியாது. எனக்கே இது விசித்திரமாகத்தான் இருந்தது. வெளியே சொன்னால், வேலைக்கு வந்தால் சரியாகிவிடுகிற வலி என்ன வலி என்று கேலி செய்வார்கள் என்பதால் சொல்லவில்லை.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். குதிகால் எலும்பு கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, நின்று வேலை பார்ப்பவர்களுக்கு வருவதுதான் என்றார். எம்.சி.ஆர். செருப்பு வாங்கச் சொன்னார். ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்தது. காலையிலிருந்து இரவுவரை குழல்விளக்கின் கீழ் நிற்கிற எங்கள் பிரிவில் யாருக்குப் பரிசோதித்தாலும் அது குறைவாகத்தான் இருக்கும். வாரம் ஒரு பொட்டலம் பாலில் கலந்து குடித்தேன். அளவு ஏறிவிட்டது, வலி நகரவில்லை.

அந்தச் சமயத்தில்தான், 2021 இல், கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது. அந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன்; நரம்பு சுருட்டிக்கொண்ட கால்களோடு நின்ற அக்காக்களுக்கு அது பெரிய உதவி. எனக்கு மட்டும் உதவவில்லை. இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டால் எழும்போது இடுப்பு பூட்டிக்கொண்டது போல ஆகிவிடும். “உட்காரச் சொன்னால் ஏனம்மா நடந்துகொண்டே இருக்கிறாய்?” என்று சூப்பர்வைசர் அண்ணன் கேட்டார். அவர் நல்ல மனிதர். அவருக்கு என்ன பதில் சொல்வது?

அடுத்து வலி பிட்டத்துக்கு ஏறியது. இடுப்பும் பிட்டமும் சேருகிற இடத்தில், உள்ளே ஆழத்தில். ஒரு வாரம் வலப்பக்கம், அடுத்த வாரம் இடப்பக்கம். இப்படிப் பக்கம் மாறுகிறது என்று சொன்னபோது ஒரு டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். பக்கம் மாறி மாறி வரும் அந்தப் பிட்ட வலிதான் பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கிற அறிகுறி என்பது எனக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது.

இரவுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படுத்தவுடன் தூக்கம் வந்துவிடும். மூன்று மணிக்கு மேல் விழிப்பு வரும். புரண்டு படுப்பது தானாக நடக்கிற காரியமாக இல்லை. விழித்து, கட்டில் கம்பியைப் பிடித்து, உடம்பைத் தூக்கித் திருப்பி வைக்க வேண்டும். அதைவிட எழுந்து நடப்பது மேல் என்று விடுதி வராந்தாவில் இருட்டில் நடப்பேன். நடந்தால் இளகிவிடும். நான் யாரோ பையனுடன் ரகசியமாகப் போன் பேசுகிறேன் என்று விடுதிப் பொறுப்பாளர் அக்கா சந்தேகப்பட்டு, ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுத்துக் கேட்டார். கையில் போனே இல்லை என்று பார்த்த பிறகு, பேய் பிடித்திருக்கிறதோ என்று அவருடைய கவலை வேறு பக்கம் போய்விட்டது.

முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது ஒரு வட்டு லேசாகப் பிதுங்கியிருப்பதாக வந்தது. வலி இல்லாதவர்களுக்கும் படம் எடுத்தால் அப்படித் தெரிவது சகஜம். ஆனால் படத்தில் ஒன்று அகப்பட்டதும் எல்லோருக்கும் நிம்மதி. முழு ஓய்வு என்று எழுதிக்கொடுத்தார்கள். ஊருக்குப் போய்ப் படுத்தேன். என் வாழ்க்கையில் அதைவிட மோசமான நாட்களை நான் அனுபவித்ததில்லை. அம்மா முடக்கத்தான் தோசை சுட்டுப் போட்டார். வாதநாராயணன் இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தார். அந்தச் சூடு இதமாகத்தான் இருந்தது, ஒரு மணி நேரத்துக்கு. 2006 இல் ஊரையே முடக்கிப் போட்ட சிக்குன்குனியாதான் இவளுக்குள் தங்கிவிட்டது என்று மாமா தீர்ப்புச் சொன்னார். அந்த வருடம் எங்கள் வீட்டில் காய்ச்சல் வராமல் தப்பித்தவள் நான் ஒருத்திதான் என்பது அவருக்கு நினைவில்லை.

பிறகு ஒரு பொது மருத்துவர். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., யூரிக் அமிலம், முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபாக்டர் என்று வரிசையாகப் பரிசோதனைகள். எல்லாம் சரியாக இருந்தன. “ரிப்போர்ட் நார்மல். மனதில் ஏதாவது கவலையா?” என்று கேட்டார். வெளியே வந்ததும் சித்தி அதை மொழிபெயர்த்தார்: “கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்.”

முடிச்சு அவிழ்ந்தது கண்ணில். ஒரு தீபாவளி சீசனில் இடது கண் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்று சொல்லி என்னைக் கவுன்ட்டரை விட்டு விரட்டினார்கள். மருந்துக்கடைச் சொட்டு மருந்து கேட்கவில்லை. பீளை இல்லை, உறுத்தல் இல்லை. உள்ளே குடைகிற வலி. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. மதுரைக்காரர்களுக்குக் கண் டாக்டரைத் தேடி அலைய வேண்டியதில்லை; மறுநாளே பார்த்துவிட்டேன். அந்தப் பெண் டாக்டர் கருவிக்குள் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, “காலையில் எழுந்ததும் முதுகு விறைத்துப் போகிறதா? நடந்தால் சரியாகிறதா?” என்று கேட்டார். கண்ணைக் காட்ட வந்த இடத்தில் இடுப்பைப் பற்றிக் கேட்கிறாரே என்று நான் விழித்தேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கண்ணில் வந்திருப்பது யுவியைட்டிஸ் என்ற உள் அழற்சி, இளவயதில் இது திடீரென்று ஒரு கண்ணில் வந்தால் முதுகையும் கேட்க வேண்டும் என்றார். கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்துவிட்டு, மூட்டு வாத நிபுணருக்குக் கடிதம் எழுதினார். எலும்பு டாக்டருக்கு இல்லை. ருமட்டாலஜி என்று தனியாக ஒரு துறை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இங்கே ஒரு சின்ன விலகல். மதுரையில் 1976 இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி எங்கள் பக்கத்துக்காரர், எட்டயபுரம் அருகே வடமலாபுரம். முப்பது வயதில் முடக்குவாதம் வந்து அவருடைய விரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவர் ஆக நினைத்திருந்தவர் அதை விட்டுவிட்டு, கோணிய விரல்களால் கருவி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். இளவயது மூட்டு நோய் எங்கள் பகுதிக்கு ஒன்றும் புதிதில்லை. இது தெரிந்தும் என்னைப் பார்த்து ஏன் எல்லோரும் சிரித்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மூட்டு வாத நிபுணர் என் ரிப்போர்ட் கட்டை ஓரமாக வைத்துவிட்டு வெகுநேரம் கேள்விதான் கேட்டார். பிறகு என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். நர்ஸ் அக்கா என் இடுப்பின் இரண்டு குழிகளுக்கு நடுவே பேனாவால் ஒரு கோடு போட்டார். அதிலிருந்து சரியாக 10 சென்டிமீட்டர் மேலே இன்னொரு கோடு. முழங்காலை மடக்காமல் குனியச் சொல்லி இஞ்சு டேப்பை வைத்து அளந்தார்கள். நல்ல முதுகு குனியும்போது அந்த இடைவெளி 15 வரை நீளுமாம். என்னுடையது 13-ஐத் தொடவில்லை. நாள் முழுக்கப் பிறருக்கு அளந்து கொடுக்கிறவள் நான். என் முதுகை ஒருவர் அளந்தது அதுதான் முதல் தடவை.

இந்த நோயோடு தொடர்புடைய எச்.எல்.ஏ. பி27 என்ற ஜீனுக்கான பரிசோதனை பாசிட்டிவ். முன்பு எடுத்த எம்.ஆர்.ஐ. நடுமுதுகோடு நின்றுவிட்டது. இந்த முறை முதுகுத்தண்டின் அடியும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டுக்கு எடுத்தார்கள். எலும்புக்குள் நீர் கோத்திருப்பதைக் காட்டும் வகைப் படம் அது. இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரிந்தது. எக்ஸ்ரேயில் இது தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகும், சிலருக்குத் தெரியாமலே இருக்கும் என்றார். நோயின் பெயர் ஆக்சியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ். எக்ஸ்ரேயில் எலும்பு மாற்றம் தெரியும் அளவுக்கு வளர்ந்தால் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று அழைப்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தசைநாண் எலும்பில் ஒட்டுகிற இடங்களைத் தாக்குகிறது. குதிகாலும் அப்படி ஓர் இடம். ஆர்.ஏ. ஃபாக்டர் இந்த நோயில் பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் இருக்கும். ஈ.எஸ்.ஆர். ஏறாமலும் இருக்கலாம். ஆண்களின் நோய் என்று நீண்டகாலம் சொல்லப்பட்டதால் பெண்களுக்கு இது இருப்பதைக் கண்டுபிடிக்க இன்னும் தாமதமாகிறது என்றும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. துக்கத்தினால் இல்லை.

சிகிச்சை எளிமையாகத்தான் தொடங்கியது. நாப்ராக்சன் மாத்திரையும், வயிற்றைக் காக்க இன்னொன்றும். முன்பும் வலி மாத்திரை விழுங்கியிருக்கிறேன். வலிக்கும்போது ஒன்று, விட்டால் நிறுத்துவது. இப்போது அளவாக, தொடர்ந்து, அவருடைய கண்காணிப்பில். ஒரு வாரத்துக்குள் இரவு முழுக்கத் தூங்கினேன். மாத்திரைக்கு நிகரானது உடற்பயிற்சி என்று பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். முதுகை நீட்டும் பயிற்சி, மார்பை விரித்து மூச்சிழுப்பது, சுவரில் பின்னந்தலை தொட நிற்பது. தலையணை மெலிதாக வேண்டும். குப்புறப் படுத்தால் நல்லது. வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடிப்பார்களா என்று கேட்டார். புகை இந்த நோயை மோசமாக்கும் என்பதை அப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னார்.

அடுத்த ஆண்டு முழங்கால் வீங்கியது, கண்ணும் மறுபடி சிவந்தது. அதன்பின் அடலிமுமாப் ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒன்று. இந்தியாவிலேயே தயாராகும் வகை 2014 இலிருந்து கிடைப்பதால் முன்புபோல் எட்டாத விலை இல்லை என்கிறார்கள். என் சம்பளத்துக்கு இன்னும் எட்டாத விலைதான், அண்ணன் பாதி தருகிறான். ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனை கட்டாயம். அந்த ஊசி எதிர்ப்புச் சக்தியைத் தணிப்பதால் உள்ளே உறங்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளலாம். என் கையில் அந்தச் சோதனைக்கான மாண்டூ ஊசி போட்ட இடம் தடித்தது; கிருமி உள்ளே உறங்கலாம் என்பதற்கு அது அடையாளம். மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஒரு மாதம் தடுப்பு மாத்திரை சாப்பிட்ட பிறகே முதல் ஊசி போட்டார்கள். ஊசியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், உறையக் கூடாது. விடுதிப் பெட்டியில் மாவுப் பாத்திரங்களுக்கு நடுவே அதற்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தவர், கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட அதே அக்கா.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லாதே என்று சித்தி இன்னும் சொல்கிறார். சொல்லித்தான் பேசுவேன் என்று நானும் சொல்லியாகிவிட்டது. இரண்டு இடம் தட்டிப்போனது. போகட்டும்.

போன மாதம் பத்தொன்பது வயதுத் தம்பி குதிகால் வலிக்கிறது என்றான். அம்மா நடுங்கிப்போய், அவனுக்கும் அந்த ஜீன் பரிசோதனை எடுத்தே ஆக வேண்டும் என்று பஸ் ஏற்றி அழைத்து வந்துவிட்டார். காலையில் எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். காலையில் ஒன்றுமில்லை, கைப்பந்து ஆடிவிட்டு வந்தால்தான் வலிக்கிறது, படுத்தால் போய்விடுகிறது என்றான். ஜீன் பரிசோதனை வேண்டாம் என்றார் டாக்டர். அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை, வீணாகப் பயம்தான் மிஞ்சும் என்றார். ஷூவை மாற்றச் சொன்னார். அவ்வளவு தூரம் வந்து ஒரு ரத்தப் பரிசோதனைகூட எடுக்கவில்லையே என்று அம்மா திருமங்கலம் தாண்டும்வரை புலம்பிக்கொண்டு வந்ததாகத் தம்பி போனில் சொன்னான்.