அபுதாபி வரை

நவம்பர் 23, 2025

ஃபார்முலா 1 கார் பந்தயம் முடிந்து மணிக்கணக்கான பிறகு முடிவையே மாற்றிவிட்டார்கள். லாஸ் வேகாஸில் இரண்டாவதாக வந்த நாரிஸும் நான்காவதாக வந்த பியாஸ்ட்ரியும் தகுதி நீக்கம். காரின் அடிப்பலகை 9 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இருவரும் ஓட்டும் மெக்லாரன் அணியின் இரண்டு கார்களிலும் அது அதைவிட மெலிதாகத் தேய்ந்திருந்தது. பட்டத்துக்கான புள்ளிகள் இப்போது: நாரிஸ் 390, பியாஸ்ட்ரி 366, ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பன் 366.

அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். தலையணையிலிருந்து முகத்தை எடுக்காமலே, "இன்னொரு தடவை படி" என்றான்.

ஆகஸ்ட் கடைசியில் வெர்ஸ்டாப்பன் முதலிடத்தைவிட 104 புள்ளிகள் பின்தங்கியிருந்தார். இனி அவரை விட்டுவிடலாம் என்று அன்று சொன்னவன் நான்.

நவம்பர் 24

கண் அறுவைச் சிகிச்சையில் அண்ணனின் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறார்கள். மணிக்குப் பத்து நிமிடம்தான் எழுந்து உட்காரலாம். மற்ற நேரமெல்லாம் குப்புறத்தான்.

நவம்பர் 26

இரவு முழுக்க ஒரே யோசனை. 2023ஆம் ஆண்டின் 22 பந்தயங்களில் 21ஐ ரெட் புல்லே வென்றது. வெர்ஸ்டாப்பன் மட்டும் 19. அந்த ஆண்டு அவர் ஓட்டியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் பாதிப் பந்தயத்தில் நான் எழுந்து வேறு வேலை பார்க்கப் போயிருக்கிறேன். முந்துதல்கள் அந்த ஆண்டும் நிறையவே நடந்தன. அப்படியென்றால் நம்மை உட்கார வைப்பது முந்துதல் அல்ல.

இடைவெளி குறைவதுதான். 3.2 வினாடி இருந்தது 2.7 ஆகி, 2.1 ஆகும்போது வயிற்றுக்குள் ஏதோ இறுகுகிறதே, அது. முந்துவது ஒரு கணம். நெருங்குவதற்குப் பத்துச் சுற்றுகள் ஆகலாம். அந்தப் பத்துச் சுற்றும் நமக்குச் சொந்தம்.

நெருங்குவதுதான் கடினமும்கூட. முன்னால் போகும் கார் காற்றைக் கலக்கிவிட்டுப் போகிறது. பின்னால் வருகிற காரைத் தரையோடு அழுத்த வேண்டிய காற்று வளைவுகளில் கிடைப்பதில்லை; டயர் வழுக்குகிறது, சூடேறுகிறது, ஓட்டுநர் தானே பின்வாங்க வேண்டியிருக்கிறது. இதைக் குறைக்கத்தான் 2022இல் காரின் வடிவத்தையே மாற்றினார்கள். போகப் போக அணிகள் இழந்த வேகத்தை எப்படியோ மீட்டுக்கொண்டன, கலங்கிய காற்றும் திரும்பி வந்துவிட்டது. ஒரு வினாடிக்குள் வந்தால் பின் இறக்கையைத் திறந்துகொள்ள விடும் டி.ஆர்.எஸ். இந்த சீசனோடு முடிகிறது. நேர்ச்சாலையில் எந்தப் போராட்டமும் இல்லாமல் கடந்துபோகும் காட்சியை நான் ஒருநாளும் தேடப்போவதில்லை.

1971இல் இத்தாலியின் மோன்சாவில் நடந்த பந்தயத்தை நினைத்துக்கொண்டேன். முதல் ஐந்து பேரும் 0.61 வினாடிக்குள். பீட்டர் கெத்தின் வென்றது 0.01 வினாடியில். கண்ணிமைக்க அதைவிட அதிக நேரம் ஆகும்.

நவம்பர் 27

சொட்டு மருந்து நான்கு வேளையும் போட்டாயிற்று.

நவம்பர் 29

கத்தார் குறும்பந்தயம் பியாஸ்ட்ரிக்கு. நாரிஸ் 396, பியாஸ்ட்ரி 374, வெர்ஸ்டாப்பன் 371. அண்ணன் எண்களை மட்டும் கேட்கிறான்.

நவம்பர் 30

டயர் தேய்மானத்துக்குப் பயந்து, ஒரு செட் டயரில் 25 சுற்றுகளுக்கு மேல் ஓடக் கூடாது என்று விதி போட்டிருந்தார்கள். கத்தாரின் முழுப் பந்தயம் மொத்தம் 57 சுற்றுகள். 7ஆவது சுற்றில், எல்லோரையும் மெதுவாகப் போக வைக்கும் சேஃப்டி கார் வந்தது. நேரம் அதிகம் இழக்காமல் டயர் மாற்ற ஏறக்குறைய எல்லோரும் பிட்டுக்குள் நுழைந்தார்கள். மெக்லாரன் இரண்டும் நேராகப் போய்விட்டன.

நான் படித்துக்கொண்டிருந்தேன். "ஏழாவது சுற்றா?" என்றான் அண்ணன். கட்டில் விளிம்பில் தொங்கிய கையில் விரல்கள் மடங்கின. "ஏழு, முப்பத்திரண்டு, ஐம்பத்தேழு. கச்சிதமாக வருகிறது. போச்சு." திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது உறைக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு உறைத்துவிட்டது.

வெர்ஸ்டாப்பன் வென்றார். நாரிஸ் 408, வெர்ஸ்டாப்பன் 396, பியாஸ்ட்ரி 392. மூன்று பேர், மிச்சம் அபுதாபி என்ற ஒரே ஒரு பந்தயம்.

டிசம்பர் 2

அண்ணனோடு சண்டை. பியாஸ்ட்ரி நாரிஸுக்கு வழிவிட வேண்டும் என்கிறான். ஒரே அணியின் இருவரை ஆண்டு முழுவதும் மோத விட்டதால்தானே மூன்றாமவர் இவ்வளவு தூரம் வந்தார், அதனால்தானே நாம் இப்படித் தவித்துக் கிடக்கிறோம் என்றேன். முதல் பந்தயத்திலேயே ஒருவரை முன்னிறுத்தியிருந்தால் பட்டம் எப்போதோ முடிவாகியிருக்கும். எனக்கு அது வேண்டாம்.

"தோற்றால்?" என்றான். தோற்கட்டும் என்றேன். அதன் பிறகு இருவரும் பேசவில்லை.

டிசம்பர் 4

கண்ணுக்குள் நீர்மட்டம் போல ஒரு கோடு ஆடுகிறது என்கிறான். நேற்றைவிட இறங்கியிருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் என்றான்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு?

டிசம்பர் 5

கொஞ்சம்.

டிசம்பர் 6

தகுதிச்சுற்றில் வெர்ஸ்டாப்பன், நாரிஸ், பியாஸ்ட்ரி. பட்டத்துக்குப் போட்டியிடும் மூவரும் முதல் மூன்று இடங்களில். நாரிஸ் மூன்றாவதாக வந்தாலே போதும், யார் வென்றாலும் பட்டம் அவருக்கு. அந்தப் 'போதும்' என்னைத் தூங்க விடவில்லை. வெல்ல வேண்டியவனுக்கு வேகமாக ஓட்டுவது ஒன்றுதான் வேலை. மூன்றாவது போதும் என்பவனுக்கு முன்னாலும் பயம், பின்னாலும் பயம்.

டிசம்பர் 7

முதல் சுற்றிலேயே பியாஸ்ட்ரி வெளிப்பக்கமாக வந்து நாரிஸைக் கடந்துவிட்டார். நாரிஸ் மூன்றாவது. முதுகுக்குப் பின்னால் ஃபெராரியின் லெக்லெர். பந்தயத்தில் முதலில் போகிறவரை அண்ணன் விசாரிக்கவே இல்லை. "நாரிஸ், லெக்லெர். அதை மட்டும் சொல்" என்றான். சுற்றுக்குச் சுற்று சொன்னேன். இடைவெளி குறைந்தபோது என் குரல் மாறியதாம். எண்ணுக்கு முன்பே தெரிந்துவிட்டது என்றான்.

டயர் மாற்றிக்கொண்டு வந்த நாரிஸை ரெட் புல்லின் சுனோடா மறித்தார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி. நாரிஸ் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே போய்த்தான் கடந்தார். விசாரணை என்று திரையில் வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். "என்ன? என்ன ஆச்சு?" தலையைத் தூக்கப் போனான். தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தண்டனை சுனோடாவுக்குத்தான், நாரிஸுக்கு இல்லை என்று தெரியும்வரை கையை எடுக்கவில்லை.

58 சுற்றுகள். வெர்ஸ்டாப்பன் வென்றார், பியாஸ்ட்ரி இரண்டாவது, நாரிஸ் மூன்றாவது. நாரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410.

"இரண்டா?" என்றான்.

"இரண்டுதான்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

டிசம்பர் 8

காலை 9 மணிக்கு மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கோடு இன்று எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.